கடாரம் எங்கே, பீடோங் எங்கே? (தேடலின் கதை – 9)

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜேந்திர சோழனின் கடல்கடந்த வெற்றிகள் ஊர் ஊராக வெட்டப்பட்டிருக்கின்றன. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் என்று நீளும் அந்தப் பட்டியலின் கடைசியில் கடாரம் நிற்கிறது. 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கல்வெட்டின் வாசகம் அச்சிலேயே வந்துவிட்டது. படிக்கத் தெரிந்த அறிஞர்களுக்கும் குறைவில்லை. இருந்தும் கடாரம் எந்த ஊர் என்பது பிடிபடவில்லை. ராமநாதபுரம் சீமையில் ஒத்த பெயரில் ஓர் ஊர் இருக்கிறது, அதுதான் என்றார்கள். பிறகு பர்மாவைக் கைகாட்டினார்கள். 1918இல் ஸ்ரீவிஜயப் பேரரசை உலகுக்கு அடையாளம் காட்டிய பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேஸின் கட்டுரைக்குப் பிறகுதான் கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம்தான் என்பது நிலைபெற்றது.

அதற்குள் கெடாவின் ரப்பர்த் தோட்டங்களில் தமிழர்கள் பால் வடிக்க மரம் வெட்டத் தொடங்கி ஆண்டுகள் பல ஆகியிருந்தன. கடாரத்து மண்ணில் நின்றுகொண்டிருந்தவர்களுக்கும் அது கடாரம் என்று தெரியாது. கடாரத்தைத் தேடிய பண்டிதர்களுக்கும் அங்கே தமிழர்கள் நிற்பது கண்ணில் படவில்லை.

இத்தனைக்கும் பாதி விடை தமிழிலேயே இருந்தது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து இறங்கும் சரக்குகளில் காழகத்துப் பொருள்களும் உண்டு. அந்தக் காழகத்துக்கு நச்சினார்க்கினியர் தம் உரையில் கடாரம் என்று பொருள் எழுதினார். சிறிய லெய்டன் செப்பேடு கிடாரத்தரையனைக் குறிக்கிறது. சமஸ்கிருதத்தில் கடாஹம். சீனத் துறவி யிஜிங் ஏழாம் நூற்றாண்டில் தங்கிச் சென்ற ஊரின் சீனப் பெயர் வேறு. அரபுப் பயணிகள் எழுதிய கலாஹ் துறைமுகத்தையும் பல அறிஞர்கள் இதனோடு சேர்க்கிறார்கள். ஒரே கடற்கரைக்கு இத்தனை பெயர்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மொழிக்காரரின் அலமாரியில் பத்திரமாகத்தான் இருந்தது. ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்குப் போக வழி மட்டும் இல்லை.

தேடுபொறியின் வரலாற்றில் கெடாவுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். தகவல் மீட்பு என்ற இயலின் மிகப் பழைய சிக்கல், இன்றுவரை முழுதாகத் தீராத சிக்கல், இந்த மாநிலத்தின் பெயரிலேயே இருக்கிறது. தேடுபொறி எழுதப்பட்டதைத்தான் கண்டுபிடிக்கும், அதுவும் எழுதப்பட்டபடியே. எழுதியவர் வேறு, தேடுபவர் வேறு, இருவரும் ஒரே பொருளுக்கு வேறு வேறு சொல் வைத்திருக்கிறார்கள் என்றால் நடுவில் ஒருவர் பாலம் போட்டாக வேண்டும். நச்சினார்க்கினியர் போட்டது அப்படி ஒரு பாலம்.

பொறியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சிறிய அளவில் செய்து பார்ப்போம். மூன்று செய்தித் துணுக்குகள் நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது, ‘பீடோங் தோட்டத்தில் கள்ளுக்கடை மறியல்’. இரண்டாவது, ‘கூலிம் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம்’. மூன்றாவது, ‘பீடோங் தொழிலாளர் கைது’. நாம் கேள்வி கேட்கும்போது பொறி இந்த மூன்றையும் வரிவரியாகப் படிப்பதில்லை. கேள்வி வருவதற்கு வெகு முன்பே ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது வரும் துணுக்கின் எண்ணை எழுதி வைத்திருக்கும். பீடோங்: 1, 3. தொழிலாளர்: 2, 3. மறியல்: 1. பீடோங், தொழிலாளர் என்று இரண்டு சொல்லைக் கொடுத்தால் இரண்டு பட்டியலிலும் உள்ள எண்ணை எடுக்கும், 3 வரும். உலகம் முழுவதையும் தேடுகிற கூகுளின் அடித்தளத்திலும் இருப்பது இந்தச் சொல்லடைவுதான். புத்தகத்தின் பின்பக்கத்தில் அச்சிடும் அதே அடைவு, கோடிக்கணக்கான பக்கங்களுக்குப் போடப்பட்டது.

இப்போது ‘தோட்டம்’ என்று தேடிப் பாருங்கள். மூன்று துணுக்கில் இரண்டு தோட்டத்தைப் பற்றியவை. ஆனால் ஒன்றுகூட வராது. அடைவில் இருப்பவை ‘தோட்டத்தில்’, ‘தோட்டத்’ என்ற வடிவங்கள். ‘தோட்டம்’ என்ற வடிவம் எதிலும் இல்லை. நாம் மகரத்தை விட்டு, அத்துச் சாரியை சேர்த்து, வேற்றுமை உருபை ஒட்டி, அடுத்த சொல் வல்லினத்தில் தொடங்கினால் ஒற்றையும் போட்டுவிடுகிறோம். படிப்பவர் கண்ணுக்கு இது தெரிவதே இல்லை. பொறிக்கோ ஒவ்வொன்றும் தனிச் சொல். ஆங்கிலத்துக்கு 1980இல் மார்ட்டின் போர்ட்டர் விகுதிகளைக் களைந்து வேரைப் பிடிக்கும் விதித்தொகுப்பை எழுதினார். அவரே பின்னர் உருவாக்கிய ஸ்னோபால் தொகுப்பில் இன்று தமிழுக்கும் விதிகள் இருக்கின்றன. ஆனால் ஆங்கிலத்தில் களைய வேண்டியவை சில விகுதிகள். தமிழில் ஒரு வினைச்சொல் எடுக்கும் வடிவங்களை எண்ணி முடியாது. ‘பீடோங்கிலிருந்துதான்’ என்ற ஒரே சொல்லை அவிழ்த்து பீடோங்கை வெளியே எடுக்க எத்தனை படி இறங்க வேண்டும் என்று பாருங்கள்.

பீடோங்கை வேண்டுமென்றேதான் எடுத்தேன். சுங்கைப்பட்டாணிக்கு வடக்கே உள்ள இந்தச் சிறிய ஊரில் 1947இல் நடந்தவை மலேசியத் தமிழர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியவை. ஜப்பானியர் காலம் முடிந்திருந்தது. சயாம் ரயில் பாதையில் மாண்டவர்கள் போக மிஞ்சியவர்கள் திரும்பியிருந்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சி பெற்ற இளைஞர்கள் பழையபடி துரைக்கும் கிராணிக்கும் (தோட்ட எழுத்தருக்கும்) குனிந்து நிற்கத் தயாராக இல்லை. தொண்டர் படை என்ற பெயரில் அவர்கள் திரண்டார்கள். முதல் குறி கள்ளுக்கடை. கூலியில் ஒரு பங்கு அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி அவர்களின் தலைவர். பிப்ரவரி கடைசியில் பீடோங்கில் கள்ளுக்கடை எதிர்ப்பு போலீசுடன் மோதலாக வெடித்தது. தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது. ஏப்ரல் இறுதியில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார்.

இதைப் பற்றிய அன்றைய நாளிதழ்ச் செய்திகளை இப்போது வீட்டில் இருந்தபடியே தேடலாம். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய மலாயா நாளிதழ்களை மின்வடிவாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. பெரிய கொடை அது. ஆனால் சுங்கைப்பட்டாணி மாணவர் ஒருவர் அங்கே போய்த் தம் ஊரின் பெயரை இன்றைய எழுத்தில் இட்டால் 1947 அவருக்கு அகப்படுவது கடினம். அன்றைய இதழ்கள் ‘சுங்கை’ என்பதை ஆங்கிலத்தில் ஈ-ஐ என்ற எழுத்துகளில் முடித்தன. பிற்காலத்தில்தான் அது ஏ-ஐ ஆயிற்று. இன்றைய எழுத்தில் ‘பெத்தானி’ ஆகிவிட்ட இரண்டாம் சொல்லின் முதல் உயிரும் அன்று ‘பட்டாணி’யில் வருவது போல ஏ என்ற எழுத்தில்தான் இருந்தது. ஆக, ஊர்ப் பெயரின் இரண்டு சொல்லிலும் பிழைதான் விழும், தேடுபவர் எந்தப் பிழையும் செய்யாமலே.

அடுத்து அவர் ‘தொண்டர் படை’யை ஆங்கில எழுத்தில் தேடுவார். ஒலிபெயர்ப்பில் ஒவ்வொரு நிருபரும் ஒரு விதம். சாமியோ, மலாயா முழுவதும் நிறைந்திருந்த பெயர்; அதையும் மூன்று நான்கு விதமாக எழுதுவார்கள். பிறகு ‘மறியல்’ என்பதன் ஆங்கிலச் சொல்லை இட்டுப் பார்ப்பார். அங்கேதான் ஆழமான இடறல் இருக்கிறது. தொழிலாளி மறியல் என்றதைப் போலீஸ் அறிக்கை கலகம் என்றது. நாளிதழ் போலீஸ் சொன்னதை எடுத்து எழுதியது. எனவே நம் பாட்டன்மாரின் நியாயத்தைத் தேடுபவர், அவர்களைக் குற்றவாளி ஆக்கிய சொல்லை இட்டால்தான் அவர்களைக் கண்டுபிடிக்க முடியும். கலகம், கள்ளு, கூலிகள், கைது. இவற்றின் ஆங்கிலச் சொற்களோடு பீடோங்கைச் சேர்த்தால் கதவு திறக்கும். எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. ஆவணத்தை எழுதியவரின் பார்வைக்குள் புகுந்துதான் அதைத் தேட வேண்டியிருக்கிறது, எழுதப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் இதே கதிதான்.

இதற்குக் கணக்கும் உண்டு. 1987இல் ஃபர்னாஸ், லாண்டவர், கோமெஸ், டுமேஸ் ஆகிய நால்வர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே பொருளுக்குப் பெயர் வைக்கச் சொன்னால் இரண்டு பேர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு என்று காட்டினார்கள். அது ஒரே மொழி பேசும் சமகாலத்தவர்களுக்கு. 1947இன் வெள்ளைக்கார போலீஸ் அதிகாரிக்கும் இன்றைய தமிழ் மாணவருக்கும் நடுவே அந்த வாய்ப்பு எவ்வளவு இருக்கும்?

சொல் சரியாக அமைந்தாலும் எழுத்து காலை வாரும். பழைய நாளிதழ்ப் படத்தை எந்திரம் எழுத்தாக மாற்றும்போது மங்கிய மையைத் தப்பாகப் படிக்கிறது. தமிழ் இதழ்களில் இது இன்னும் மோசம். 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’, 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ ஆகியவற்றின் பழைய பக்கங்கள் சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்தில் உள்ளவை. லை, ளை, னை, ணை ஆகியவற்றுக்குத் துதிக்கை போட்ட வடிவம். றா, னா, ணாவுக்கு வளைந்த வடிவம். இன்றைய அச்சில் பயிற்சி பெற்ற எந்திரம் அங்கே திணறும். எந்தக் காலத்து அச்சிலும் ரகரமும் துணைக்காலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. எந்திரம் ‘பீடோங்’ என்பதை ‘பீடேரங்’ என்று படித்துவிட்டால் அடைவில் ‘பீடேரங்’ என்று ஓர் ஊர் முளைத்துவிடும். யாரும் தேடாத ஊர். அந்தச் செய்தி அன்றோடு மறைந்தது.

மின்னெழுத்திலும் இதே ஊர்ப் பெயர் ஒரு சோதனையைச் சந்தித்தது. ‘டோ’ என்ற எழுத்தின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம். ஏகாரக் கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் பதியலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. கணினிக்கு வேறு வேறு எண்கள். தேடுபொறி இரண்டையும் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே அடைவு போட வேண்டும். அப்படிச் செய்யாத பொறியில் ஒருவர் பதிந்த பீடோங் இன்னொருவருக்குக் கிடைக்காது.

யூனிகோடுக்கு முன்னால் நிலைமை இதைவிடக் கொடுமை. எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் என்று இருந்த காலம். ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் ‘க’ இருந்த எண்ணில் இன்னொன்றில் வேறு எழுத்து இருக்கும். ஆங்கில இணையத்தில் 1995 டிசம்பரில் அல்டாவிஸ்டா வந்து, 1998இல் கூகுள் வந்து, உலகமே தேடத் தொடங்கியபோது தமிழ்ப் பக்கங்கள் பொறியின் கண்ணுக்கு வெறும் லத்தீன் எழுத்துக் குப்பை. இந்தச் சிக்கலை அவிழ்க்க உழைத்தவர்களில் மலேசியாவின் முத்து நெடுமாறனுக்குத் தனி இடம் உண்டு. 1980களிலேயே முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கியவர் அவர். சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி, சுவிட்சர்லாந்தில் இருந்து மதுரைத் திட்டத்தை 1998இல் தொடங்கிய கு. கல்யாணசுந்தரம் ஆகியோரோடு சேர்ந்து, குறியேற்றம் ஒன்றாக வேண்டும் என்று பல ஆண்டுகள் கூட்டம் கூட்டமாக வாதாடினார். 1997இல் சிங்கப்பூர், 1999இல் சென்னை, 2001இல் கோலாலம்பூர் என்று மாநாடுகள் நடந்தன. இன்று நாம் தமிழில் தட்டித் தமிழில் தேடுவது அந்த வாதங்களின் பலன்.

தகவல் மீட்பு என்ற இந்த இயலின் அடித்தளத்திலும் ஒரு தமிழர் இருக்கிறார். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு நூலை ஒரே தலைப்பில் அடைக்காமல் பல முகங்களாகப் பிரித்துப் பார்த்தது. எதைப் பற்றியது, எந்தப் பொருளால் ஆனது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம். டப்ளின் தோட்டத்துச் செய்தியை இப்படிப் பிரித்துப் பாருங்கள். தோட்டத் தொழிலாளர், ரப்பர், வேலைநிறுத்தமும் துப்பாக்கிச் சூடும், கெடா, 1947. நாளிதழ் என்ன தலைப்புப் போட்டிருந்தாலும், கலகம் என்றாலும் கூலி என்றாலும், ஐந்து முகத்தில் ஏதாவது இரண்டைப் பிடித்தால் செய்தி கைக்கு வந்துவிடும்.

ஆனால் வரலாறு ரங்கநாதன் பக்கம் அவ்வளவு இரக்கமாக இல்லை. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் என்ற நூலகர் 1950களின் கடைசியில் உலகின் முதல் பெரிய தேடல் பரிசோதனையைத் தொடங்கினார். விமானவியல் ஆவணங்கள் 18,000. நான்கு முறைகளில் ஒவ்வொன்றுக்கும் அடைவு போட்டார்கள். அவற்றில் ஒன்று ரங்கநாதன் வழிவந்த முகப் பகுப்பு. இன்னொன்று, அறிஞர்கள் ஏளனமாகப் பார்த்த ஒற்றைச்சொல் முறை. கட்டுரையில் உள்ள முக்கியச் சொற்களை அப்படியே எடுத்து வைப்பது. முடிவில் ஒற்றைச்சொல் முறை தேடியவற்றில் 82 விழுக்காட்டைக் கண்டுபிடித்தது. முகப் பகுப்பு 74 விழுக்காட்டோடு கடைசி இடம். தேடலின் திசையே அன்று மாறியது. ஆட்களை வைத்துப் பகுப்பதை விட்டு, எழுத்தில் உள்ள சொற்களையே எந்திரம் எண்ணட்டும் என்ற வழி வென்றது. 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் அதற்கு ஒரு கூர்மை சேர்த்தார். எங்கும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு. அரிதாக வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். தோட்டத்து ஆவணங்களில் ‘கூலி’ எல்லாப் பக்கத்திலும் வரும், எனவே அது எதையும் பிரித்துக் காட்டாது. ‘பீடோங்’ அரிது, எனவே கனமானது. செக்ரோல் என்ற தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில் ராமசாமிகளும் முனியம்மாக்களும் நிறைந்திருந்தபோது அப்பன் பெயரையும் ஊரையும் சேர்த்துக் கேட்டு ஆளைப் பிரித்த கிராணிக்கும் இது தெரிந்த கணக்குத்தான்.

கிரான்ஃபீல்டின் முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே எழுதியவரும் தேடியவரும் விமானப் பொறியாளர்கள். ஒரே படிப்பு, ஒரே சொல்வளம். சொற்களை அப்படியே வைத்தால் போதும் என்பது அவர்களுக்குப் பொருந்தும். எழுதியவர் ஆளும் இனம், தேடுபவர் ஆளப்பட்டவரின் பேரன் என்றால் அந்த முடிவு அப்படியே செல்லாது. கெடா ஆவணங்களுக்கு ரங்கநாதனின் முகங்கள் இன்னும் தேவை என்பது என் உறுதியான எண்ணம்.

இன்றைய பொறிகள் சொல்லை மட்டும் பார்ப்பதில்லை, பொருளையும் உணர்கின்றன என்பது உண்மைதான். 2019 முதல் கூகுள் தன் தேடலில் பெர்ட் என்ற மொழி மாதிரியைப் பயன்படுத்துகிறது. மறியலும் கலகமும் அக்கம்பக்கத்துச் சொற்கள் என்பதை இத்தகைய மாதிரிகள் கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்துக் கற்றுக்கொள்கின்றன. ஆனால் பெயர்கள் அப்படி அல்ல. கடாரமும் கெடாவும் ஒன்று என்று எந்திரத்துக்குத் தெரிவது, அப்படி எழுதிய பக்கங்கள் நிறைய இருப்பதால். ஒரு தோட்டத்தின் பத்திரப் பெயரும் தொழிலாளர் நாவில் வழங்கிய பெயரும் ஒன்று என்று யாருமே எங்குமே எழுதவில்லை என்றால் எந்த மாதிரியாலும் அதை ஊகிக்க முடியாது.

அந்தப் பெயர்கள் வேகமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைத் தனியாகவே ஆராய்ந்து அறிக்கை எழுதினார். வேலையும் லயமும் இழந்து நின்ற மக்களைப் பார்த்துத்தான் அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். பிற்காலத்தில் எஞ்சிய தோட்டங்கள் பலவற்றில் செம்பனை ஏறியது. சிலவற்றில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் வந்தன. தோட்டம் போனால் அதன் பெயர் வரைபடத்திலிருந்து போகிறது. பிறப்புப் பத்திரத்தில் மட்டும் அது நிற்கும், கிராணி காதில் விழுந்த எழுத்தில்.

நூலகத் துறையில் இதற்கு ஒரு வேலைமுறை உண்டு. ஒரு பொருளுக்கு வழங்கும் எல்லாப் பெயர்களையும் ஒரே பதிவில் கட்டி வைப்பது. தேடுபவர் எதை இட்டாலும் மற்ற எல்லாவற்றையும் பொறி தானே சேர்த்துத் தேடும். இதற்குப் பெரிய கணினி வேண்டாம். ஊரை அறிந்த ஆள்தான் வேண்டும். பீடோங்குக்கான பதிவு எப்படி இருக்கும் என்றால்: பீடோங், பெடோங், பிடோங், எழுத்துணரி தப்பாகப் படிக்கும் வடிவம் பீடேரங், ஆங்கிலத்தில் வழங்கிய எழுத்து வடிவங்கள், மாவட்டம் கோல மூடா, அருகில் ஹார்வர்ட் தோட்டம், 1947 கள்ளுக்கடை எதிர்ப்பு, போலீஸ் ஆவணத்தில் கலகம். இதைப் போல லூனாஸ், பாடாங் செராய், கூலிம், பாலிங் பக்கத்துத் தோட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு எழுத வேண்டும். தொழிலாளர் அந்தத் தோட்டத்தை என்ன பெயரில் அழைத்தார்கள், எந்த டிவிஷனுக்கு எந்தக் கங்காணி பெயர், தமிழ்ப்பள்ளி எந்தப் பெயரில் பதிவாகிப் பிறகு எந்தப் பெயருக்கு மாறியது, கோயில் எங்கே பெயர்ந்தது ஆகிய கேள்விகளுக்குப் பிரட்டுக் களத்தில் (காலையில் பெயர் கூப்பிடும் களத்தில்) நின்ற தலைமுறையில் மிஞ்சியிருப்பவர்கள் இன்று பதில் சொல்வார்கள். பள்ளி மாணவர்கள் ஒரு பேனாவோடு போய் உட்கார்ந்தால் போதும். தாத்தா சொல்லும் பெயரைத் திருத்தாமல், அவர் சொன்ன ஒலியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பத்திரத்தில் உள்ள பெயரை அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

அடுத்த இதழில், 1998இல் இரண்டு ஸ்டான்ஃபர்ட் மாணவர்கள் ஒரு பக்கத்தின் மதிப்பை மற்றப் பக்கங்களின் இணைப்புகளைக் கொண்டு கணக்கிட்ட கதை. யாரும் இணைப்புக் கொடுக்காத ஊர்களுக்கு அதனால் என்ன நேர்ந்தது என்பதையும் பார்ப்போம்.